சர்வன்ட் லீடர்ஷிப் கேள்வித்தாளை நியூஸ்ரூம்ல கொடுத்தா எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு போடுறாங்க, என்ன பண்றது?

பவழமல்லி_டெஸ்க்:

வணக்கம் எல்லாருக்கும். நான் ஜர்னலிசம்ல பிஎச்டி ரெண்டாவது வருஷம். அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் ஒரு தினசரியில சப் எடிட்டரா இருந்தேன், ராத்திரி ஷிப்ட்தான் ஜாஸ்தி. அங்க பார்த்த ஒரு விஷயம்தான் என்னை இந்த ஆராய்ச்சிக்கே கொண்டு வந்துச்சு. பக்கம் மூடுற நேரத்துல ஒரு செய்தியில தப்பு இருக்குன்னா கீழ இருக்கிற யாரோ ஒருத்தருக்கு அது தெரிஞ்சிருக்கும், ஆனா அது மேல போகாது, மறுநாள் காலைல பேப்பர் வெளிய வந்த பிறகுதான் "எனக்கு அப்பவே டவுட்டா இருந்துச்சுக்கா"ன்னு சொல்லுவாங்க. ஏன் அப்பவே சொல்லலைன்னு கேட்டா பதில் வராது.

என் தலைப்பு தமிழ் செய்தி நிறுவனங்கள்ல சர்வன்ட் லீடர்ஷிப்பும் உள்ளுக்குள்ள நடக்கிற தகவல் பரிமாற்றமும். தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி சொல்லிடுறேன். ராபர்ட் கிரீன்லீஃப்னு ஒருத்தர் அமெரிக்காவுல ஏடி அண்ட் டி டெலிபோன் கம்பெனியில 1926ல சேர்ந்து 1964ல ரிட்டயர் ஆனவர், 1970ல ஒரு கட்டுரை எழுதினார். மத்தவங்களுக்கு உதவியா இருக்கணும்ங்கிற எண்ணம்தான் முதல்ல வரணும், தலைமைப் பொறுப்பு அதுக்குப் பின்னாடி வர்றதுங்கிறது அவர் சொன்னது. அவர் வச்ச சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உனக்குக் கீழ இருக்கிறவங்க மனுஷங்களா வளர்றாங்களா, முன்னைவிட விவரமா, சுதந்திரமா, சொந்தக் கால்ல நிக்கிறவங்களா ஆகுறாங்களா, கடைசிப் படியில நிக்கிறவங்களுக்கு இதனால என்ன ஆகுது, இதைத்தான் பாக்கச் சொன்னார்.

இதை அளக்க ராபர்ட் லிடனும் கூட இருந்தவங்களும் 2008ல 28 கேள்வி கொண்ட ஒரு அளவுகோல் போட்டாங்க, 2015ல அதை 7 கேள்வியா சுருக்குனாங்க. அந்த ஏழையும் தமிழ்ல மாத்தி கூகுள் ஃபார்ம்ல போடு, ஐநூறு பேர் கிட்ட வாங்கு, எஸ்பிஎஸ்எஸ்ங்கிற புள்ளிவிவர சாஃப்ட்வேர்ல ஓட்டுன்னு என் கைடு சொல்றார். அவர் சொல்றது தப்புன்னு சொல்லலை, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. ஆனா தெரிஞ்ச டெஸ்க் ஆளுங்க கொஞ்ச பேர் கிட்ட முன்னோட்டமா கொடுத்துப் பார்த்தேன், முக்கால்வாசிப் பேர் எல்லாத்துக்கும் "முழுசா ஒத்துக்கிறேன்". அதுல ஒருத்தர் ஃபார்ம் அனுப்பின அரை மணி நேரத்துல டீக்கடையில என் கிட்டயே தன்னோட சீஃப் பத்தி சொல்லிச் சொல்லி கண் கலங்கிட்டார். எனக்கு அன்னிக்குத் தூக்கமே வரலை.

இன்னொண்ணு, சர்வன்டை தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. வேலைக்காரன்னா திட்டுற மாதிரி இருக்கு, சேவகன்னா அரண்மனை வாசம் அடிக்குது, தொண்டன்னா கட்சிக்காரர் ஆகிடுறார், ஊழியம்னா சர்ச் நினைப்பு வருது, ஊழியர்னு போட்டா அது வெறும் எம்ப்ளாயி. இந்தத் துறையில இருக்கிறவங்களும் நியூஸ்ரூம்ல இருக்கிறவங்களும் உங்க அனுபவத்தைச் சொல்லுங்க, எதுவானாலும் எனக்கு உதவும்.

நாலாம்_மாடி:

நான் மேனேஜ்மென்ட் டிபார்ட்மென்ட்ல பாடம் எடுக்கிறேன், ஓபி, அதாவது நிறுவனத்துக்குள்ள ஆளுங்க எப்படி நடந்துக்கிறாங்கங்கிறதுதான் என் ஏரியா, தமிழ்ல கேள்வித்தாள் போட்டு கையைச் சுட்டுக்கிட்ட அனுபவம் நிறைய இருக்கு. முதல்ல உங்க கடைசிக் கேள்வி, அது ஒரு பிரச்சனையே இல்லைங்க. அந்த ஏழு வாக்கியத்துலயும் சர்வன்ட்ங்கிற வார்த்தையே கிடையாது, எல்லாமே மேல இருக்கிறவர் என்ன பண்றார்ங்கிறதுதான். கேள்வித்தாள்ல அந்தப் பேரை எழுதாதீங்க, தீசிஸ் முன்னுரையில ஒரு பத்தி எழுதி சேவைத் தலைமைன்னோ பணிவிடைத் தலைமைன்னோ ஒண்ணை முடிவு பண்ணிக்கோங்க.

உண்மையான தலைவலி உள்ள இருக்கிற வாக்கியங்கள்ல. சமூகத்துக்கு நம்மால ஆனதைச் செய்யணும்னு என் தலைவர் வலியுறுத்துறார்ங்கிற மாதிரி ஒண்ணு இருக்கு இல்லையா, அதுல வர்ற கம்யூனிட்டியை நீங்க சமுதாயம்னு போட்டீங்கன்னா நம்ம ஊர்ல பாதிப் பேர் சாதின்னுதான் படிப்பாங்க. அப்ளிகேஷன் ஃபார்ம்ல கம்யூனிட்டின்னா என்ன நிரப்புவோம்னு யோசிங்க. எங்க சார் அவரோட ஆளுங்களுக்கு நல்லா செய்வார்னு நினைச்சு ஒருத்தர் அஞ்சு போடுவார், நீங்க அதை சேவை மனப்பான்மைன்னு கணக்கு எழுதுவீங்க. ஊருக்கு, ஏழை எளியவங்களுக்குன்னு எழுதினா தப்பிக்கலாம்.

அடுத்தது, ஜெயிக்கிறதுக்காக நேர்மையை விட்டுக்கொடுக்க மாட்டார்ங்கிற வாக்கியம். இதுக்கு ஒருத்தர் "ஒத்துக்கலை"ன்னு டிக் பண்ணணும்னா விட்டுக்கொடுக்க மாட்டார்ங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன்னு மனசுக்குள்ள ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பாக்கணும், ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸுக்கு ஓடுற ஆளு இதைப் பண்ணுவாரா.

ஆனா எனக்கு ரொம்பக் கவலை குடுக்கிறது வேற ஒண்ணு. சொந்தப் பிரச்சனைன்னா என் தலைவர் கிட்ட உதவி கேப்பேன்னு ஒரு கேள்வி. அமெரிக்காவுல இதுக்கு ஆமான்னு சொன்னா அது பெரிய விஷயம், அங்க வீட்டையும் ஆபீஸையும் தனியா வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல முதலாளி கிட்ட அட்வான்ஸ் வாங்கித்தான் தங்கச்சி கல்யாணம் நடக்குது, பையனுக்கு ஸ்கூல் சீட்டுக்கு சீஃப் தான் போன் போட்டுக் கொடுக்கிறார். அவர் நல்லவர்தான், நான் குறை சொல்லலை. ஆனா பையனுக்கு சீட் வாங்கிக் கொடுத்தவர் கிட்ட மறுநாள் போய் சார் உங்க தலைப்பு தப்புன்னு சொல்ல வாய் வருமா? கடன்பட்ட வாய் மூடிக்கும். இந்த மாதிரி அப்பா ஸ்தானத்துல இருக்கிற தலைமையை தனியாவே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, பெல்லெக்ரினியும் ஸ்காண்டுராவும் 2008ல அதைப் பத்தி ஒரு நல்ல ரிவ்யூ எழுதினாங்க. அதுக்கும் ரொம்ப முன்னாடி நம்ம நாட்டுலயே ஜே.பி.பி. சின்ஹா 1980ல சொன்னது, இங்க வேலை பாக்கிறவங்க மேல இருக்கிறவர் கிட்ட சொந்தம் மாதிரி ஒரு பிடிப்பை எதிர்பாக்கிறாங்க, அந்த அரவணைப்பைக் கொடுத்துக்கிட்டே வேலையும் வாங்கி மெல்ல மெல்ல அவங்களையே முடிவெடுக்க விடுற ஆள்தான் இங்க எடுபடுவார்னு. அந்த மெல்ல மெல்லங்கிறதுதான் முக்கியம், நிறைய சீஃப் அரவணைப்போடயே நிறுத்திடுறாங்க. உங்க கேள்வித்தாள் இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டலைன்னா நீங்க அளந்தது பாசத்தைத்தான்.

மொழிபெயர்ப்புக்கு வழக்கமான முறை பிரிஸ்லின் 1970ல சொன்னது, ஒருத்தர் தமிழ்ல மாத்தணும், மூலத்தைப் பாக்காத இன்னொருத்தர் அதைத் திரும்ப இங்கிலீஷ்ல மாத்தணும், ரெண்டையும் ஒப்பிடணும். அதைப் பண்ணுங்க, ஆனா அது மட்டும் பத்தாது, சமுதாயம்ங்கிறது திரும்பப் போறப்போ அழகா கம்யூனிட்டின்னுதான் போகும், தப்பு தெரியவே தெரியாது. நாலு சப் எடிட்டரை உக்கார வச்சு இந்த வரியைப் படிச்சப்போ உங்க மனசுல யார் வந்தாங்க, என்ன நினைச்சீங்கன்னு வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்க.

ராத்திரி_புல்லட்டின்:

பதினெட்டு வருஷமா டிவி நியூஸ்ல இருக்கேன், இப்ப ஷிப்ட் இன்சார்ஜ். மனசுல பட்டதைச் சொல்றேன் தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த தியரி ஐடி கம்பெனிக்கும் ஹோட்டலுக்கும் சரியா இருக்கலாம், பிரேக்கிங் ஓடுறப்போ எல்லார் கருத்தையும் காது கொடுத்துக் கேட்டுக்கிட்டு இருந்தா அடுத்த சேனல்ல வந்துடும். பிசிஆர்ல, அதாவது புல்லட்டினை ஓட்டுற கன்ட்ரோல் ரூம்ல, அந்த நேரம் ஒருத்தர்தான் பேசணும். எந்தச் செய்திக்கு அடுத்து எதுங்கிற ரன் ஆர்டரை ஓட்டெடுத்து முடிவு பண்ண முடியாது. நான் கத்தியிருக்கேன், எனக்கு மேல இருந்தவங்க என்னைக் கத்தியிருக்காங்க, அப்படித்தான் வேலை கத்துக்கிட்டோம்.

ஆனா ஒரு விஷயம் மனசை உறுத்துது, உங்க பதிவைப் படிச்சதும் அதான் ஞாபகம் வந்துச்சு. 2016 டிசம்பர் 5 சாயங்காலம் எல்லாருக்கும் நினைவிருக்கும். முதலமைச்சர் ஜெயலலிதா இறந்துட்டாங்கன்னு பல தமிழ் சேனல்ல போயிடுச்சு, அந்தக் கட்சி ஆபீஸ்ல கொடியைக்கூட அரைக்கம்பத்துக்கு இறக்கிட்டு திரும்ப ஏத்துனாங்க, ஆஸ்பத்திரி உடனே மறுத்துச்சு. ராத்திரி பதினொண்ணரைக்குத்தான் அவங்க காலமானதா அப்புறம் அறிவிச்சாங்க. அன்னிக்கு ஒவ்வொரு இடத்துலயும் உள்ள என்ன நடந்துச்சுன்னு நான் பேச வரலை, அது எனக்குச் சம்பந்தமில்லாதது. நான் சொல்ல வந்தது வேற ஒரு நாள், வேற ஒரு இடம், நான் இன்சார்ஜா இருந்த ஷிப்ட். ஒரு பெரியவர் இறந்துட்டதா செய்தி வந்துச்சு, நான் கார்டு போடுன்னு கத்துனேன், போட்டாச்சு. அவர் உயிரோட இருந்தார். அரை மணி நேரம் கழிச்சு எடுத்தோம், மன்னிப்பு கேட்டோம்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, கிராஃபிக்ஸ்ல கார்டு அடிச்ச பொண்ணு அந்தப் பெரியவர் ஊர்க்காரி, அந்த நிமிஷம் அவங்க வீட்டுல போன் போட்டுக் கேட்டிருக்கு, உயிரோட இருக்கார்னு அதுக்குத் தெரியும். தெரிஞ்சே அடிச்சுக் கொடுத்திருக்கு. ஏம்மா சொல்லலைன்னு கேட்டேன். "சார் நீங்க கத்திக்கிட்டு இருந்தீங்க சார்"னு சொல்லிச்சு. அவ்வளவுதான் சொல்லிச்சு. எட்டு வருஷம் இருக்கும், இன்னும் அந்த முகம் மறக்கலை. அதனால தியரி வேணாம்னு நான் சொல்லலை, அந்த ஒரு நிமிஷத்துக்கு அதுல என்ன பதில் இருக்குன்னுதான் கேக்கிறேன்.

பழைய_புரூஃப்:

நைட் புல்லட்டின் தம்பி, இதை எழுத மனசு வேணும், நன்றி. உங்க கேள்விக்கு என்னால முடிஞ்ச பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

நான் வேலையில இருந்து ஓய்வு பெற்றவன், இதழியல் நெறிமுறை பத்தி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டா போவேன், எங்க போனாலும் நியூயார்க் டைம்ஸ்ல 2003ல நடந்ததைச் சொல்லாம வரமாட்டேன். ஜேசன் பிளேர்ங்கிற இளம் நிருபர் போகாத ஊருக்குப் போன மாதிரியும் பாக்காத ஆளைப் பார்த்த மாதிரியும் எழுதிக்கிட்டு இருந்தார், மத்த பேப்பர்ல இருந்தும் எடுத்துப் போட்டார். மே 1ந்தேதி ராஜினாமா பண்ணார். மே 11 ஞாயித்துக்கிழமை அந்தப் பத்திரிகையே தன்னோட முதல் பக்கத்துல எல்லாத்தையும் விரிவா எழுதிச்சு, 2002 அக்டோபர் கடைசிக்குப் பிறகு அவர் எழுதின 73 செய்தியில குறைஞ்சது 36ல பிரச்சனைன்னு.

இதுல பிளேர் பண்ணது ஒரு பக்கம் இருக்கட்டும். மெட்ரோ எடிட்டர் ஜொனதன் லேண்ட்மேன் 2002 ஏப்ரல்லயே இந்த ஆள் டைம்ஸுக்கு எழுதறதை நிறுத்தணும், உடனே நிறுத்தணும்னு ரெண்டே வரியில மெயில் அனுப்பியிருந்தார். ஒரு வருஷம் முன்னாடியே! அந்த மெயில் போன பிறகும் வாஷிங்டன் பக்கம் ஸ்னைப்பர் கொலைகள் நடந்தப்போ அந்தப் பெரிய செய்திக்கு அதே ஆளை அனுப்புறாங்க, புதுசா அவர் செய்தியைக் கையாண்ட நேஷனல் டெஸ்க் எடிட்டருக்கு இவரோட பழைய சரித்திரம் தெரியவே தெரியாது. இது எப்படி நடந்துச்சுன்னு அந்தப் பத்திரிகையே எழுதின காரணத்துல முதல்ல நிக்கிறது மூத்த ஆசிரியர்களுக்குள்ள தகவல் போய்ச் சேராததுதான். இன்னொண்ணு, செய்தியில பேர் வந்த ஆளுங்கள்லயும் ரொம்பக் கொஞ்சம் பேர்தான் புகார் பண்ணாங்களாம். சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு வெளிய இருக்கிறவங்களுக்கே தோணியிருக்கு.

மே 14ந்தேதி பக்கத்துல ஒரு சினிமா தியேட்டர்ல ஊழியர்கள் எல்லாரையும் கூட்டி வச்சு எக்சிகியூட்டிவ் எடிட்டர் ஹோவெல் ரெயின்ஸ் பேசினார். நான் எட்டாத உயரத்துல இருக்கேன், ஆணவக்காரன்னு நீங்க நினைக்கிறீங்க, எனக்குக் கெட்ட செய்தி கொண்டு வரவே எடிட்டர்கள் பயப்படுறாங்கன்னு சொல்றாங்கன்னு அவரே சொன்னார். ஜூன் 5ந்தேதி அவரும் மேனேஜிங் எடிட்டர் ஜெரால்டு பாய்டும் விலகினாங்க. இதுல மாணவர்கள் கவனிக்க வேண்டியது என்னன்னா இதே ரெயின்ஸ் தலைமையிலதான் 2002ல அந்தப் பத்திரிகை ஏழு புலிட்சர் விருது வாங்கிச்சு, அதுவரைக்கும் ஒரே வருஷத்துல எந்தப் பத்திரிகையும் அவ்வளவு வாங்கினது இல்லை. வெளிய இருந்து பார்த்தா அதைவிட நல்லா ஓடுற நியூஸ்ரூம் உலகத்துலயே கிடையாது, உள்ள காது அடைச்சுப் போயிருந்தது.

இப்ப தம்பியோட ஒரு நிமிஷம். அந்த நிமிஷத்துல ஒருத்தர்தான் பேசணும்ங்கிறதுல எனக்கு எந்த மறுப்பும் இல்லை. கிரீன்லீஃப் யாரையும் முடிவெடுக்காதேன்னு சொல்லலை, எந்தப் பிரச்சனை வந்தாலும் முதல்ல காது கொடுக்கிறதுதான் சேவை மனசுக்காரனோட இயல்புன்னு சொன்னார். அந்தப் பொண்ணு அந்த நிமிஷம் வாயைத் திறக்குமா இல்லையாங்கிறது அன்னிக்கு முடிவாகலை தம்பி, அதுக்கு முன்னாடி ஆறு மாசம் சாதாரண நாள்கள்ல அது ஏதாவது சொன்னப்போ என்ன நடந்துச்சோ அதுல முடிவாயிருச்சு.

பவழமல்லிக்கு ஒரு வார்த்தை. வாயை மூடிக்கிறதுலயே வகை இருக்குன்னு வான் டைனும் ஆங்கும் பொட்டேரோவும் 2003ல எழுதியிருக்காங்க. சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு சலிச்சுப் போய் மூடிக்கிறது ஒண்ணு, சொன்னா நமக்குத்தான் வம்புன்னு பயந்து மூடிக்கிறது ஒண்ணு, பாவம் அவனை ஏன் மாட்டிவிடணும்னு இரக்கத்துல மூடிக்கிறது ஒண்ணு. நம்ம டெஸ்க்ல மூணாவது நிறைய உண்டு, அதை நல்ல குணம்னே வச்சிருக்கோம். நீங்க அளக்க வேண்டியது தலைவர் நல்லவரா கெட்டவரான்னு இல்லை. கெட்ட செய்தி அவர் டேபிளுக்கு எவ்வளவு சீக்கிரம் போகுது, போனா கொண்டு போனவன் கதி என்ன, அதை அளங்க.

பவழமல்லி_டெஸ்க்:

சார், அண்ணே, எல்லாருக்கும் நன்றி. அண்ணே உங்க பதிவை நாலு தடவை படிச்சேன். அந்தப் பொண்ணு இடத்துல நான் இருந்திருக்கேன், அதான்.

நாலாம்மாடி சார் சொன்ன பாசம் விஷயம் சுருக்குன்னு தைச்சது. என் முன்னோட்டத்துல எல்லாரும் அஞ்சு போட்டது பயத்தால மட்டும் இல்லை போல, உண்மையிலேயே அவங்களுக்கு சீஃப் மேல நன்றி இருக்கு. டீக்கடையில அழுதவருக்கும் அவர் சீஃப் கொரோனா சமயத்துல சம்பளம் வெட்டாம பார்த்துக்கிட்டவர்தான்.

இன்னொண்ணும் கேக்கணும். பெண் சீஃப் கீழயும் வேலை பார்த்திருக்கேன். அவங்க எல்லார் பேச்சையும் கேப்பாங்க, சாப்பிட்டியான்னு கேப்பாங்க, செய்தியில ஜூனியர் பேர் வரணும்னு, அந்த பைலைனுக்காக சண்டை போடுவாங்க. அதை யாரும் லீடர்ஷிப்னு சொல்லலை, அக்கா ரொம்ப சாஃப்ட்னு சொன்னாங்க. அதுல பாதியை ஒரு ஆண் எடிட்டர் பண்ணா என்ன பெருந்தன்மைன்னு பேசிக்கிறாங்க. தகவல் தொடர்பு ஆராய்ச்சி பண்ற டெபோரா ஐக்கர்-காட் 2005ல சர்வன்ட், லீடர்ங்கிற ரெண்டு வார்த்தைக்குள்ளயே ஆண் பெண் கணக்கு ஒளிஞ்சிருக்குன்னு இந்தத் தியரியையே விமர்சிச்சிருக்காங்க, அதைப் படிச்சப்போ அந்த அக்கா முகம்தான் வந்துச்சு. இதை எப்படி கேள்வித்தாளுக்குள்ள கொண்டு வர்றதுன்னு தெரியலை.

தாலுகா_நிருபன்:

நான் தென் மாவட்டத்துல ஒரு தாலுகாவுக்கு ஸ்ட்ரிங்கரா இருக்கேன். படிப்பு விஷயம் எல்லாம் எனக்குத் தெரியாது, மேல எழுதியிருக்கிறதை எல்லாம் படிச்சேன், ஒண்ணு மட்டும் சொல்லுதேன்.

எல்லாரும் டெஸ்க், சீஃப், ஷிப்ட்னு பேசுதீங்க. எங்களை எந்த ஃபார்ம்லயும் யாரும் கேட்டது கிடையாது. எனக்கு ஐடி கார்டு உண்டு, மாசச் சம்பளம் கிடையாது, செய்தி வந்தா காசு, வரலைன்னா பெட்ரோல் நம்ம கைக்காசு. ஆபீஸ் கூட எனக்கு இருக்கிற ஒரே தொடர்பு வாட்ஸ்அப் குரூப். அதுல செய்தி அனுப்பினா ஒரு கட்டைவிரல் வரும், சில நாள் அதுவும் வராது. வந்ததா வரலையா, ஏன் எடுக்கலை, என்ன குறைன்னு யாரும் சொல்ல மாட்டாவ. ஒரு தடவை தேதி தப்பாப் போயிருச்சு, நான் அனுப்பினது சரி, அங்க அடிக்கையில மாறிருச்சு. ஊருக்குள்ள என் வீட்டு வாசல்ல வந்து நின்னு ஏசினாவ. சென்னையில இருக்கிறவங்களை யாருக்குத் தெரியும், எங்க தெருவுல என்னையத்தான் தெரியும். குரூப்ல தப்புன்னு போட்டேன், பதில் இல்லை. மறுநாள் போன் பண்ணுனா குரூப்ல ஏன் போட்டே, தனியா சொல்லக் கூடாதாங்காவ.

ஆனா ஒருத்தர் இருந்தார், முந்தின மாவட்ட ஆசிரியர். ஒரு செய்தியை எடுக்கலைன்னா சாயங்காலம் அவரே கூப்பிட்டு எதுக்கு எடுக்கலைன்னு ரெண்டு நிமிஷம் பேசுவார். வேற ஒண்ணும் பெருசா செஞ்சிரலை, காசு கூட்டித் தரலை, அவருக்கு அந்த அதிகாரமும் கிடையாது. அந்த ரெண்டு நிமிஷத்துலதான் நான் செய்தி எழுதவே படிச்சேன். அவர் மாறிப் போன பிறகு இன்னிக்கும் ஊர்ல ஏதாவது பெருசா நடந்தா முதல்ல அவருக்குத்தான் போன் போடுதேன், அவர் இப்ப இந்தப் பேப்பர்லயே இல்லை. கடைசிப் படியில நிக்கிறவனுக்கு என்ன ஆகுதுன்னு அந்த வெள்ளைக்காரர் கேட்டார்னு எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சதும்தான் எழுதணும்னு தோணுச்சு.

நாலாம்_மாடி:

தாலுகா நிருபர் எழுதினதை நான் என் மாணவர்களுக்குப் படிச்சுக் காட்டப் போறேன், அனுமதி கொடுங்க.

பவழமல்லி, உங்க சாம்பிள்ல ஸ்ட்ரிங்கர், கேமரா அசிஸ்டென்ட், ராத்திரி டிரைவர் எல்லாம் வரலைன்னா நீங்க கிரீன்லீஃப் சோதனையில பாதியைத்தான் பண்றீங்க. இது கஷ்டம், லிஸ்ட் கிடைக்காது, ஆபீஸ் அவங்களை ஊழியர்னே கணக்குல வச்சிருக்காது, ஆனா அதுக்காக விட்டுடாதீங்க.

ரெண்டு விஷயம் டெக்னிக்கலா. ஒரே ஆள் கிட்ட ஒரே நாள்ல தலைவர் எப்படின்னும் கேட்டு தகவல் நல்லாப் போகுதான்னும் கேட்டா ரெண்டும் ஒண்ணா ஏறும் ஒண்ணா இறங்கும், நல்ல மூட்ல இருந்தவர் ரெண்டுக்கும் அஞ்சு போடுவார். வேற மூலத்துல இருந்து ஒண்ணாவது வேணும். எர்ஹார்ட்ங்கிற ஆராய்ச்சியாளர் 2004ல இதே சர்வன்ட் லீடர்ஷிப் ஆராய்ச்சியை மளிகை சூப்பர்மார்க்கெட்ல பண்ணப்போ டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்டாதான் பார்த்தார், லிடன் ஆளுங்க 2014ல 71 ரெஸ்டாரன்ட்ல பண்ணப்போ கிளை கிளையா பார்த்தாங்க, தனித்தனி ஆளா எடுக்கலை. ஒரு சீஃப் கீழ இருக்கிற எட்டுப் பேர் சொல்றதைச் சேர்த்துப் பாக்கிறதும் எட்டு ஊர்ல எட்டுப் பேர் சொல்றதும் ஒண்ணு கிடையாது. ஐநூறு ஃபார்ம் வேணாம், நாப்பது ஐம்பது டெஸ்க் வேணும். அப்படிப் பண்ணா உங்க அக்கா கேள்விக்கும் வழி பிறக்கும், ஒரே மாதிரி நடந்துக்கிற ஆண் சீஃபுக்கும் பெண் சீஃபுக்கும் கீழ இருக்கிறவங்க எப்படி வேற வேற மார்க் போடுறாங்கன்னு பாக்கலாம்.

இன்னொண்ணு, தப்போட எண்ணிக்கையை வச்சு நல்ல டெஸ்க், மோசமான டெஸ்க்னு பிரிச்சிடாதீங்க. ஏமி எட்மண்ட்சன் 1990கள்ல ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்து கொடுக்கிறதுல நடக்கிற தப்பை ஆராய்ச்சி பண்ணாங்க. நல்ல தலைமை இருக்கிற வார்டுல தப்பு குறைவா இருக்கும்னு நினைச்சுப் போனா அங்கதான் ஜாஸ்தியா பதிவாகியிருந்தது. அங்க இருந்த நர்சுங்க தப்பை வெளிய சொன்னாங்க, மத்த இடத்துல மறைச்சாங்க. 1996ல அது வந்துச்சு, அதுல இருந்துதான் அவங்களோட மத்த வேலையெல்லாம் வளர்ந்துச்சு. பேப்பர்ல திருத்தம் நிறைய போடுற டெஸ்க் ஒருவேளை உங்க ஆராய்ச்சியில வர்ற நல்ல டெஸ்க்கா இருக்கலாம்.

ராத்திரி_புல்லட்டின்:

பழைய புரூஃப் ஐயா சொன்னதை யோசிச்சுக்கிட்டே ரெண்டு ஷிப்ட் பார்த்தேன். ஆறு மாசம் சாதாரண நாள்னு சொன்னீங்களே, அது சரிதான். நேத்து புல்லட்டின் முடிஞ்சதும் பசங்களை நிறுத்தி வச்சு இன்னிக்கு என்ன தப்பு பண்ணோம்னு கேட்டேன். யாரும் பேசலை. அப்புறம் நான் பண்ணின ஒண்ணை நானே சொன்னேன், ஒரு பேட்டியை சீக்கிரம் வெட்டிட்டேன். அதுக்கு அப்புறம் புரொடக்‌ஷன் பையன் ஒருத்தன் ஸ்க்ரோல்ல ஒரு ஊர் பேர் நாலு மணி நேரமா தப்பா ஓடுச்சுன்னு சொன்னான். நாலு மணி நேரமும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. கோவம் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். இன்னிக்கும் கேக்கணும்.

பவழமல்லி_டெஸ்க்:

அண்ணே, நீங்க அடக்கிக்கிட்ட அந்த இடத்தைத்தான் நான் அளக்கணும்.

இன்னிக்குக் கைடைப் பார்த்துட்டு வந்தேன். ஃபார்ம் எண்ணிக்கையைக் குறைக்கிறதுக்கு முதல்ல ஒத்துக்கலை, டெஸ்க் கணக்குல எடுக்கிறதுக்கான காரணத்தைச் சொன்னதும் சரின்னுட்டார். அந்த 7 கேள்வியை அப்படியே வச்சுக்கிறேன், மத்த நாட்டு ஆராய்ச்சியோட ஒப்பிட அது தேவை. கூடவே, பட்டம் போடுற மாதிரி இல்லாம நடந்ததைக் கேக்கிற மாதிரி சில கேள்வி எழுதியிருக்கேன், பாருங்க.

கடைசியா எப்போ ஒரு செய்தியில தப்பு இருக்குன்னு உங்களுக்கு வெளிய போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது? யார் கிட்ட சொன்னீங்க, எவ்வளவு நேரத்துல? சொல்லலைன்னா ஏன்? சொன்ன பிறகு உங்களுக்கு என்ன நடந்துச்சு? நீங்க அனுப்பின செய்தி வராதப்போ காரணம் யாராவது சொன்னாங்களா?

கடைசிக் கேள்வி தாலுகா நிருபர் அண்ணன் கொடுத்தது. ஃபார்ம் வேணாம், நேர்ல உக்காந்து கேக்கப் போறேன், ஆபீஸ்ல இல்லை, அவங்க சொல்ற இடத்துல. எந்தப் பேப்பர், எந்த ஊர்னு தீசிஸ்ல வராது. ஸ்ட்ரிங்கர்கள்ல இருந்துதான் ஆரம்பிக்கிறேன். அண்ணே, அடுத்த மாசம் முதல் வாரம் உங்க பக்கம் வர்றேன், உங்களுக்குத் தெரிஞ்ச பக்கத்து தாலுகா ஆளுங்க யாராவது பேச சம்மதிப்பாங்களா?

தாலுகா_நிருபன்:

வாங்க தங்கச்சி. நாலு பேர் கிட்ட சொல்லி வச்சிருக்கேன், அதுல ரெண்டு பேர் முதல்ல கேட்டது எந்த ஆபீஸ்ல இருந்து அனுப்பியிருக்காவன்னுதான். யாரும் அனுப்பலை, அதுவா கேக்க வருதுன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை வச்சுக்கோங்க, அன்னிக்கு தாலுகா ஆபீஸ் லீவு, எல்லாரும் சும்மா இருப்பாவ.